வியன்னா போகிற மகளுக்கு

பாப்பா,

ஆபீஸ் வேலையாக வியன்னா போகிறேன், சனி ஞாயிறு சும்மாதான் இருப்பேன் என்றாயே, அதற்காகத்தான் இது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, வைக்கட்டுமா" என்பாய்.

எல்லோரும் முதலில் ஷோன்ப்ருன் அரண்மனைக்குத்தான் ஓடுவார்கள். நீயும் போ, ஆனால் டிக்கெட்டை ஆன்லைனில் முன்னாடியே எடுத்துவிடு, உள்ளே போகிற நேரமும் அதிலேயே போட்டிருக்கும். மொத்தம் 1441 அறைகள், பயப்படாதே, நமக்குத் திறந்துவிடுவது அதில் கொஞ்சம்தான். பின்னால் பெரிய இசைமேதையான மோட்சார்ட் ஆறு வயதில், 1762இல், மகாராணி மரியா தெரேசா முன்னால் வாசித்தது இங்கேதான். ஆனால் தங்க முலாம், சரவிளக்கு, மறுபடியும் தங்க முலாம் என்று போகப் போக எனக்குச் சலித்துவிட்டது. ஆரம்பத்திலேயே பிரான்ஸ் யோசப் சக்கரவர்த்தியின் படுக்கையறை வரும், அங்கே நின்று நிதானமாகப் பார். ஆஸ்திரியாவை 1848இலிருந்து 68 வருஷம் ஆண்ட மனுஷன் படுத்தது ஒரு சாதாரண இரும்புக் கட்டிலில். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து ஃபைல் பார்க்க உட்கார்ந்துவிடுவாராம், ரிட்டயர்மென்ட்டே இல்லாத தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி. பிறந்ததும் இதே அரண்மனையில், 1916இல் செத்துப்போனதும் அந்தக் கட்டிலில்தான். இரண்டு வருஷம் கழித்து, அவருக்கு அப்புறம் வந்த கார்ல், ஆட்சியிலிருந்து விலகுகிறேன் என்று இங்கே நீலச் சீன அறையில் கையெழுத்துப் போட்டார், அதோடு அவர்களுடைய ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ராஜ்ஜியம் முடிந்தது.

பிரான்ஸ் யோசப்பின் மனைவி எலிசபெத்தை, அதாவது சிசியை, தெரிந்துகொள்ள ஊருக்கு நடுவில் இருக்கும் ஹோஃப்பூர்க் அரண்மனைக்குப் போக வேண்டும். கடைகளில் சாக்லேட் டப்பாவிலெல்லாம் அவள் முகம்தான் சிரிக்கும், அதை வைத்து முடிவு கட்டாதே. அவள் உடை மாற்றும் அறைக் கதவு நிலையில் உடற்பயிற்சி வளையங்கள் தொங்குகின்றன, ஒரு மகாராணி அதில் தொங்கினாள் என்று அந்தக் காலத்தில் எப்படிப் பேசியிருப்பார்கள்! கணுக்கால் வரை முடி, அதை வாரி முடிக்க மணிக்கணக்காகும், அந்த நேரத்தில் உட்கார்ந்தபடியே கிரேக்கம் படித்தாள். 1898இல் ஜெனீவாவில் ஒருவன் அரத்தால் குத்திக் கொன்றுவிட்டான். கணவனை விட எனக்கு அவளைத்தான் பிடித்தது.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் இரண்டு அரண்மனையையும் விட்டுவிட்டு, மரியா தெரேசா சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் கலை வரலாற்று மியூசியத்துக்குப் போ. அரண்மனையில் பின்னால் வருகிற கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே இருக்கும், இங்கே ஓவியத்துக்கு எதிரிலேயே சோபா போட்டிருக்கிறார்கள். புரூகல் என்ற ஓவியரின் படங்கள் இருக்கும் அறையில் 'பனியில் வேட்டைக்காரர்கள்' (1565) முன்னால் உட்கார்ந்துவிடு. மூன்று பேர் வேட்டைக்குப் போய்த் திரும்புகிறார்கள், தோளில் மாட்டியிருப்பது ஒரே ஒரு நரி, நாய்கள்கூடத் தலையைத் தொங்கப்போட்டு வருகின்றன. இடது ஓரத்தில் சத்திரத்தின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று தொங்குகிறது, கீழே தூரத்தில் உறைந்துபோன குளத்தில் சின்னச் சின்ன மனிதர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நான் எழுந்திருக்கவில்லை.

செல்லினி என்ற இத்தாலியச் சிற்பி செய்த தங்க உப்புக் கிண்ணமும் அங்கேதான் இருக்கிறது. 2003இல் ஒருவன் சாரத்தில் ஏறி வந்து அதைத் திருடிவிட்டான், அலாரம் அடித்தும் காவலாளிகள் பொய் அலாரம் என்று விட்டுவிட்டார்களாம்! 2006இல் காட்டில் புதைத்து வைத்திருந்ததைத் தோண்டி எடுத்தார்கள்.

திங்கட்கிழமைதான் ஃபிளைட் என்றால் காலையில் ஹோஃப்பூர்க்கில் இருக்கும் கருவூலத்தைப் பார்த்துவிடு, அதற்குச் செவ்வாய்தான் லீவு. புனித ரோமப் பேரரசர்களின் (பழைய ரோமாபுரி இல்லை, ஜெர்மன் பக்கத்துச் சக்கரவர்த்திகள்) எட்டுப் பட்டைக் கிரீடத்தைப் பார்க்காமல் வராதே. பெரிய பை வேண்டாம், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் காசு கொடுக்காதே, அந்த ஊர்க் குழாயில் வருவதே ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர்தான்.

அம்மா