முதலில் அந்த மூடியை எடு

அன்புள்ள மாலதி,

இங்கே எல்லோரும் நலம். சுந்தரிக்கு ஒருவழியாக இடமாற்றம் கிடைத்துவிட்டது. மீதிக் கதையை அவளே சொல்வாள், அவளை முந்திக்கொண்டால் நம் மூன்றாம் பெஞ்சுச் சட்டப்படி எனக்குத்தான் தண்டனை.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அப்பாவின் கட்டிலருகே வைத்திருக்கிறாயே, செடிகள் நட்ட அந்தக் கண்ணாடி ஜாடியின் மூடியை எடுத்துவிடு. கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு என்று தள்ளிப்போடாதே, இப்போதே எடு. உள்ளே வியர்த்திருப்பது படத்திலேயே தெரிகிறது. பாசிக்கும் பெரணிக்கும் அந்த ஈரம் உயிர், எச்செவேரியாவுக்கு அழுகல். மூடிய கண்ணாடிக்குள் செடி வளர்க்கும் வழக்கமே பெரணியில் தொடங்கியதுதான். 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், ஒரு கூட்டுப்புழுவை மூடிய பாட்டிலில் வைத்திருந்தபோது அதிலிருந்த மண்ணில் பெரணி முளைத்தது. எச்செவேரியா போல, தடித்த இலையில் நீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுச் செடிகளுக்கு நேர்மாறாக வாய் அகன்ற, ஆழம் குறைந்த, திறந்த பாத்திரம்தான் வேண்டும். பாசியையும் வெளியே எடுத்துவிடு. இரண்டையும் ஒரே ஜாடியில் வைத்து விற்றவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

அடியில் கூழாங்கல் போட்டிருப்பதால் தண்ணீர் வடிந்துவிடும் என்று எழுதியிருந்தாய். வடியாது. மேலே இருக்கும் மண் முழுக்க நனைந்து தளும்பிய பிறகுதான் கல்லுக்குள் நீர் இறங்கும். அதுவரை வேர் ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கும். ஜாடியில் ஓட்டையும் இல்லை, இறங்கின நீர் வெளியே போகவும் வழியில்லை. அழகுக்குக் கல் வேண்டுமானால் மேலே பரப்பு. மண்தான் முக்கியம்: பாதிக்கு மேல் பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிகல், பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல், கழுவிய பருமணல் என்று சொரசொரப்பான பொருளாக இருக்கட்டும். மாற்றி நட்டதும் ஒரு வாரம் தண்ணீர் காட்டாதே, அறுந்த வேர்கள் ஆற வேண்டும்.

அப்பா தினமும் தண்ணீர் ஊற்றுகிறார், வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது என்றாயே, அந்த வரியைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை. ஒரு வீட்டையே தாங்கிய மனிதர். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் அவர் பொறுப்பில் இருப்பது அந்த ஜாடி ஒன்றுதான். அதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிடாதே, மாலதி. வேறு வேலை கொடு.

ஒரு மெல்லிய குச்சியைக் கொடு. மண்ணின் அடிவரை செருகி எடுத்து, ஈரம் ஒட்டியிருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். குச்சி காய்ந்து, கீழ் இலைகளும் லேசாகச் சுருங்கியிருந்தால் மட்டும் ஒவ்வொரு செடியின் அடியிலும் ஓரிரு ஸ்பூன் தண்ணீர். தெளிப்பான் வேண்டவே வேண்டாம். இலை கண்ணாடிபோல் ஆகி, தொட்டதும் கழன்று விழுந்தால் தண்ணீர் மிகுதி. அந்தச் செடியை உடனே வெளியே எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்புவது அவர் பொறுப்பு, இல்லாவிட்டால் செடி வெளிச்சத்தின் பக்கமே சாயும். ஒரு தூரிகையும் கொடு, உதிர்ந்த மணலைத் தட்டட்டும். எச்செவேரியா இலை மேலிருக்கும் வெண்பூச்சை மட்டும் தேய்க்க வேண்டாம், வெயிலிலிருந்து இலையைக் காப்பது அது, அழிந்தால் அந்த இலையில் திரும்ப வராது.

ஜன்னலோரம் வை. உச்சி வெயில் கண்ணாடியில் நேராக விழக் கூடாது, உள்ளே வெந்துவிடும். வெளிச்சம் போதாமல் எச்செவேரியா நெட்டையாக நீண்டால் அந்த இடத்துக்கு ஹாவோர்தியா என்ற இன்னொரு சதைப்பற்றுச் செடி பொருந்தும். தென்னாப்பிரிக்காவில் அதில் சில வகைகள் மண்ணுக்குள் புதைந்து, இலை நுனியை மட்டும் வெளியே காட்டி வாழ்கின்றன. நுனியில் ஒளி ஊடுருவும் பகுதி இருக்கிறது, அதன் வழியாகத்தான் உள்ளே வெளிச்சம் இறங்குகிறது. அப்பா கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லேன்!

இரவில் அவருக்குத் தூக்கம் வருவதில்லை என்றாய். இதை அவரிடம் சொல்: இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், ஈரத்தைக் காப்பாற்ற. ராத்திரியில்தான் திறந்து கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேர்த்துவைக்கும். விடிந்ததும் அதை வைத்துச் சர்க்கரை செய்யும். அவர் விழித்திருக்கும் நேரம்தான் அவற்றின் வேலை நேரம்.

எச்செவேரியாவின் கீழ் இலை ஒன்றை அடிப்பகுதி முழுசாக வரும்படி அவரையே திருகி எடுக்கச் சொல். காயம் ஆற நிழலில் சில நாள் கிடக்கட்டும், பிறகு காய்ந்த மண்மேல் படுக்க வை. வாரக்கணக்கில் ஆகும், முதலில் வேர், அப்புறம் குட்டிச் செடி. வேர் வந்த பிறகு தண்ணீர் விடுவதும் அவர் கையாலேயே நடக்கட்டும்.

மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி எடு. மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசலாம். போனை அப்பாவிடம் கொடுத்துவிடு, உன்னிடம் பிறகு பேசுகிறேன்.

அன்புடன்,
கௌரி