அலகை எழுது, கலை

அன்புள்ள கலைக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. பள்ளியில் வேலை அதிகம், அதனால்தான் நீ போன் எடுப்பதில்லை என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நம்பினாளா என்பது வேறு விஷயம். எடுத்தாலும் 'ம்', 'சரி', 'அப்புறம் பேசறேன்' என்பதற்கு மேல் உன்னிடமிருந்து எதுவும் வருவதில்லை. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பார், அதனால்தான் இது.

ஏழாம் வகுப்புக்கு இப்போது அளவீட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருப்பாய் என்று நினைக்கிறேன். அந்தப் பாடத்தில் எங்கெங்கே சறுக்கும் என்று நாலு வரி எழுதலாம் என்று தோன்றியது. வேறு எதற்காகவும் இல்லை.

நீளம் வரைக்கும் தொல்லை இல்லை. ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். வம்பெல்லாம் பரப்பளவில்தான். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று கேட்டுப் பார், முக்கால் வகுப்பு 100 என்று கத்தும். பிள்ளைகள் மட்டும் இல்லை, பாடம் நடத்துகிறவர் கையும் போர்டில் வேகமாகப் போகும்போது 100 என்றுதான் எழுதும். அந்த 100 அவ்வளவு பழகிப்போன எண். யாருக்கு வேண்டுமானாலும் வரும். இருபது வருஷம் நடத்தியவர்களுக்கே வந்து பார்த்திருக்கிறேன்.

இதை வாயால் சொன்னால் நிற்காது. வகுப்பைத் தரையில் உட்கார வை. மீட்டர் அளவுகோலை நாலு பக்கமும் வைத்துச் சாக்பீஸால் ஒரு சதுரம் போடு. அப்புறம் கட்டம் போட்ட நோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் துண்டை வெட்டி, கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனிடம் கொடுத்து அந்தச் சதுரத்தின் மூலையில் வைக்கச் சொல். இந்தத் துண்டு நூறே நூறு இருந்தால் இவ்வளவு இடமும் நிரம்பிவிடுமா என்று கேள். அவனே தலையை ஆட்டுவான். ஓரத்தில் ஒரு வரிசை அடுக்கவே 100 துண்டு வேண்டும். அப்படி 100 வரிசை. 10,000. இதற்குப் பிறகு கன அளவுக்குப் போனால் கன மீட்டருக்கு 10,00,000 கன சென்டிமீட்டர் என்பது தானாக வரும். பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள பெட்டி ஒரு லிட்டர், அப்படி ஆயிரம் பெட்டி சேர்ந்தது ஒரு கன மீட்டர், அதில் தண்ணீர் நிரப்பினால் எடை ஒரு டன் என்று சொல்லிப் பார். ஒருவரும் நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டாம், கணக்குப் போடட்டும்.

இன்னொன்று, ஒவ்வொரு வரியிலும் அலகை எழுது. விடையில் மட்டும் இல்லை, நடுவில் வரும் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் 5/18 ஆல் பெருக்கு என்று மனப்பாடம் செய்த பிள்ளை, தேர்வில் உட்கார்ந்து 5/18-ஆ 18/5-ஆ என்று முழிக்கும். 72 × 1000 மீட்டர், கீழே 3600 வினாடி என்று அலகோடு எழுதினால் முழிக்க வேலையே இல்லை, வினாடிக்கு 20 மீட்டர்.

அலகு எழுதாமல் விட்ட ஒரே ஓர் எண் என்ன செய்தது தெரியுமா? 1983 ஜூலை 23, கனடாவில் ஒரு போயிங் 767. அந்த நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் தொட்டியில் அளவுக்கோல் விட்டுப் பார்த்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு 22,300 கிலோ வேண்டும். லிட்டரை எடையாக மாற்ற 1.77 ஆல் பெருக்கினார்கள், 13,597 வந்தது. கழித்தால் மீதி 8,703. அதைத் திரும்ப 1.77 ஆல் வகுத்து, சுமார் 4,917 லிட்டர் போதும் என்று நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். நீயே போட்டுப் பார், பெருக்கல் கழித்தல் வகுத்தல் எல்லாம் சரி. ஆனால் அந்த 1.77 ஒரு லிட்டர் எரிபொருளின் எடை, பவுண்டில். கிலோவில் அது கிட்டத்தட்ட 0.8. சுமார் 20,000 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000 கூட ஏறவில்லை. 41,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எஞ்சினும் நின்றுபோயின. கிம்லி என்ற இடத்தில் பழைய விமானப்படைத் தளம் ஒன்று இருந்தது. எஞ்சினே இல்லாமல் மிதந்து வந்து அங்கே இறக்கிவிட்டார் கேப்டன் பியர்சன். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

அந்தக் கணக்கில் பியர்சனுக்கும் பங்கு உண்டு, நடவடிக்கையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகும் பல வருஷம் அவர் விமானம் ஓட்டினார். அந்த விமானமே 2008 வரை பறந்தது. பியர்சன் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரவில்லை. சும்மா சொல்கிறேன்.

உனக்கு வேலை ஆணை வந்த அன்று அம்மா அதை வாங்கி வாங்கிப் படித்தாள், உனக்குத் தெரியாது. நம் வீட்டில் எனக்கு அடுத்தபடி அறிவியல் ஆசிரியை நீதான். எனக்கு நடத்த மட்டும்தான் தெரியும், நீ பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துவிடுவாய். அது எனக்குக் கடைசி வரை வரவில்லை. ஆனால் ஒன்று, ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டு எங்கே இருந்தது என்று நான் இங்கே எழுத வேண்டியதில்லை. அரிசி டின்னைப் பார்த்தால் அம்மாவுக்கு இன்னும் சிரிப்பு வரும். ஒளித்து வைக்கிற புத்தி உனக்கு அப்போதே உண்டு.

மீட்டரை அளந்த கதையை வகுப்பில் சொல்கிறாயா? வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று பிரான்சில் முடிவு செய்து, 1792-இல் டெலாம்பர், மெஷெய்ன் என்று இரண்டு பேரை அளந்து வர அனுப்பினார்கள். தெற்குப் பகுதி மெஷெய்னுக்கு. பார்சலோனா எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று அவர் எடுத்த இரண்டு அளவுகள் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் சுமார் 3 ஆர்க்செகண்ட், ஒரு டிகிரியை 1,200 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அவ்வளவுதான். ஆனால் மனிதர் அதை யாரிடமும் சொல்லவில்லை. கூடவே வேலை செய்த டெலாம்பரிடம்கூட. அதை நினைத்து நினைத்தே நொந்துபோனார். 1804-இல் இன்னும் அளக்கப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்தார். அவர் நோட்டுகள் டெலாம்பர் கைக்கு வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. பின்னால் ஆராய்ந்தவர்கள் அது அவருடைய கவனக்குறைவு இல்லை என்றார்கள். சக ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? 3 ஆர்க்செகண்டுக்கு ஒரு வாழ்க்கையா?

சரி, சுற்றி வளைத்தது போதும். போர்டில் 100 என்று எழுதினாய், ஒரு பெண் எழுந்து 10,000 என்றாள், வகுப்பு சிரித்தது. இவ்வளவுதானே? அந்தப் பெண் யார் நடத்திய பாடத்தைக் கேட்டு அதைச் சொன்னாள்? அதை யோசித்தாயா? இதற்கு ராஜினாமா என்கிற பேச்சு எதற்கு, கலை? தம்பியைத் திட்டாதே. நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

அடுத்த வகுப்பில் அதே கணக்கைப் போர்டில் எழுது. அந்தப் பெண்ணையே கூப்பிட்டுச் சாக்பீஸைக் கொடு, தரையில் சதுரத்தை அவள் போடட்டும். அலகை எழுதச் சொல்ல மறக்காதே.

பழைய 30 மீட்டர் அளவு நாடாவைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், வெளியே மைதானத்தை அளக்க ஆகும். முனை தேய்ந்துவிட்டது, அதனால் பூஜ்யத்திலிருந்து வைக்காமல் 10 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து வைத்து, அப்புறம் கழித்துக்கொள். பார்சல் வந்ததும் அம்மாவுக்கு ஒரு போன் பண்ணு. என்னிடம் பேசாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா