எரிபொருள் குறைகிறது என்று சொன்னால் மட்டும் போதாது

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பயிற்சி சிமுலேட்டர் கட்டத்துக்கு வந்ததிலிருந்து நிதானமாக உட்கார்ந்து எழுத நேரமே வாய்க்கவில்லை. விமானம் ஓட்டுவது ரொம்பக் கஷ்டமா என்று கேட்டிருந்தாய். ஓட்டாமல் பக்கத்து இருக்கையில் இருக்கும்போதுதான்டா கஷ்டம்.

ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கண்காணிக்க வேண்டும். கோளாறு வந்ததும் இரண்டு பேருமே அதில் மூழ்கிவிட்டால் விமானத்தைப் பார்க்க ஆளிருக்காது. போன வாரம் சிமுலேட்டரில் ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் விமானத்தின் கட்டுப்பாடுகளை அசைக்கும் அமைப்பு) எச்சரிக்கை வந்ததும் என்னோடு பயிற்சி எடுப்பவன், "ஓட்டுவதும் ரேடியோவும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ செக்லிஸ்ட் எடு" என்றான். படிக்கும் வரியில் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரி முடிந்ததும் நிமிர்ந்து வேகம், உயரம் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனேன். அதோடு, இன்னும் பத்து நிமிடத்தில் எங்கே இருப்போம், அப்போது எரிபொருள் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் சீக்கிரம் பழகாத வித்தை.

1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்ததை வகுப்பில் விரிவாகப் பார்த்தோம். யுனைடெட் 173 விமானத்தின் சக்கரம் சரியாக இறங்கியதா என்று சந்தேகம். கேப்டன் அதிலேயே கவனமாக இருக்க, விமானம் சுமார் ஒரு மணி நேரம் சுற்றியது, கடைசியில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது, பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவது காக்பிட்டில் யாருக்கும் தெரியாமல் இல்லை, பேச்சும் வந்தது. ஆனால் 'இப்போதே இறங்கியாக வேண்டும்' என்று அழுத்திச் சொல்ல யாராலும் முடியவில்லை. அந்த விசாரணைக்குப் பிறகுதான் குழுவாக வேலை செய்வதற்கென்றே தனிப் பயிற்சி பிறந்தது.

மரியாதைக்காகத் தயங்குவது நமக்கு ஊறிப்போன பழக்கம், அதனால் எனக்கு இந்தப் பாடம் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. "வேகம் கொஞ்சம் அதிகமோ சார்?" என்று இழுக்கக் கூடாது. "வேகம், 15 நாட் அதிகம்" என்று எண்ணோடு சொல்ல வேண்டும் (நாட் என்பது விமான வேகத்தின் அளவு). திருத்தம் வரவில்லையென்றால் "கோ-அரவுண்ட்", அவ்வளவுதான். இதை ஜூனியர் சொன்னாலும் கேப்டன் தரையிறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறியாக வேண்டும், வாக்குவாதமெல்லாம் அப்புறம்.

மற்றவர் சொல்வதைக் கேட்கும் கேப்டன் அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம், 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் நடந்த விபத்து. யுனைடெட் 232இன் வால்பகுதி எஞ்சின் வெடித்து ஹைட்ராலிக் மொத்தமும் போய்விட்டது. கேப்டன் ஆல் ஹேன்ஸ், பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் டென்னி ஃபிட்சை உள்ளே சேர்த்துக்கொண்டார், மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) வைத்தே விமானத்தைத் திருப்பினார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்த காக்பிட் உரையாடலைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு நெருக்கடியிலும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நீ மயக்க மருந்துப் பிரிவில் இருப்பதால் கேட்கிறேன். ரத்த அழுத்தம் இறங்குகிறது, மூத்த அறுவை மருத்துவரோ கையை எடுக்காமல் வேலையில் இருக்கிறார் என்றால், அவரை நிறுத்தச் சொல்ல உங்களுக்கென்று முடிவு செய்த வார்த்தை ஏதாவது உண்டா? இல்லையென்றால் உன் பிரிவில் இதைப் பேசிப் பார், என்ன சொன்னார்கள் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
ரவி