நடுவில் இருக்கும் ஜாப் ஒர்க்காரர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானதும், திருப்பூரைப் பற்றி எழுதியவர்கள் ஏற்றுமதி முதலாளியையும் தையல் தொழிலாளியையும் பற்றித்தான் எழுதினார்கள். சரி, தப்பில்லை. நடுவில் நாங்களும் இருக்கிறோம்: சொந்த வீடு, ஒரு கார், இருபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர்கள், அதாவது ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர்கள். வெளியில் பார்த்தால் வசதி, ஆனால் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது, ஆர்டர் நின்றாலும் தவணை நிற்பதில்லை.

எங்கள் வீட்டில் முதலில் நிறுத்தியது சமையலுக்கு வந்த அக்காவை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அந்தச் சம்பளம்தான் அவருக்கு வீட்டு வாடகை. அப்புறம் நகைச்சீட்டு நின்றது. ஓவர்டைம் இல்லாததால் யூனிட்டுக்குப் பக்கத்து பேக்கரியில் சாயங்கால டீ வியாபாரம் பாதியாகிவிட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போன ஒடிசாப் பையன்கள் திரும்பாததில் என் மாமாவின் லைன் வீட்டில் நாலு கதவு பூட்டியே கிடக்கிறது. மாரியம்மன் பொங்கலுக்கு நன்கொடை நோட்டை நீட்டினால், வழக்கமாக முதலில் எழுதுகிறவர்களே "நீங்க எழுதுங்க" என்று அடுத்தவரிடம் தள்ளுகிறார்கள்.

பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதத்தை மத்திய அரசு 2025 டிசம்பர் வரை நீக்கியது மில்லுக்கு உதவியிருக்கலாம். எங்களிடம் பஞ்சு ஏது, தைக்கும் கூலிதானே! சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, என் பில் நாலு மாதமாக நிற்கிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது.

- ஜாப் ஒர்க் யூனிட் உரிமையாளர், திருப்பூர்