சாராவின் மூன்று ஆண்டுகள்

ஆங்கிலப் பிரபுக் குடும்பத்துத் திருமணங்களைச் சரித்திரக் காதல் நாவல்களாக எழுதிவரும் எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். முன்பின் அறியாத இருவருக்குப் பெரியவர்கள் மணம் முடித்துவைப்பார்கள். முந்நூறு பக்கத்துக்குள் அவர்கள் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கிவிடுவார்கள். இந்தக் கதையை எத்தனை பேர் எழுதினாலும் வாங்கிப் படிக்கிறவள் நான். அந்த உரிமையில் கொஞ்சம் சண்டை போடுகிறேன்.

இந்தக் கதை ஒரு முறை நிஜமாகவே நடந்தது. 1719 டிசம்பர், நெதர்லாந்தின் ஹேக் நகரம். ரிச்மண்ட் கோமகனுக்குச் சூதாட்டக் கடன். கடன்பட்டது புகழ்பெற்ற ஆங்கிலப் படைத்தலைவர் மார்ல்பரோவின் வலக்கையாக விளங்கிய தளபதி கடோகனிடம். கணக்கைத் தீர்க்கக் கோமகனின் மகன் சார்லஸுக்குக் கடோகனின் மகள் சாராவைக் கட்டிவைத்தார்கள். மாப்பிள்ளைக்கு வயது 18. பெண்ணுக்குப் பதின்மூன்று, பதினான்கு இருக்கும். "இந்த அவலட்சணத்தையா என் தலையில் கட்டுகிறீர்கள்?" என்று கத்தினானாம் பையன். கல்யாணம் முடிந்த கையோடு அவன் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினான்; அவள் பாடப்புத்தகத்துக்குத் திரும்பினாள்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவனுக்கு மனைவி முகத்தில் விழிக்க மனமில்லை. நேரே நாடக அரங்குக்குப் போகிறான். அங்கே ஒரு பேரழகி. யார் என்று பக்கத்தில் இருந்தவரை விசாரிக்கிறான். ஊரே கொண்டாடும் மார்ச் சீமாட்டியைத் தெரியாத நீர் ஊருக்குப் புதியவரோ என்கிறார் அவர். மார்ச் பிரபு என்ற பட்டம் இவனுடையதுதான்; அந்தப் பேரழகி இவன் மனைவி சாரா!

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை, மெருகு ஏறியிருக்கும். ஆனால் அவர்கள் ஒட்டி வாழ்ந்தது உண்மை. சார்லஸ் 1750இல் இறந்தார். அடுத்த ஆண்டே அவளும் போய்ச் சேர்ந்தாள்.

என் சண்டை இதுதான். நீங்கள் எல்லோரும் சார்லஸோடு பயணம் போய்விடுகிறீர்கள். பிறகு அவன் கண் வழியாகத்தான் அவளைக் காட்டுகிறீர்கள். தன்னை அவலட்சணம் என்றவனின் பெயரைச் சுமந்துகொண்டு பாடம் படித்த அந்த மூன்று ஆண்டுகளில் அவள் என்ன நினைத்திருப்பாள்? அரங்கில் அவள் அவனை முதலில் அடையாளம் கண்டிருந்தால்? கண்டும் பேசாமல் இருந்திருந்தால்?

வக்கீல்களையும் கொஞ்சம் உள்ளே விடுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறீர்கள். மணமானவுடன் மனைவியின் பணமும் நகையும் கணவனுடையவை என்பது அன்றைய சட்டம். அதனால்தான் பெண் எவ்வளவு கொண்டுவருவாள், கைச்செலவுக்கு ஆண்டுக்கு என்ன கிடைக்கும், விதவையானால் எதை வைத்துச் சாப்பிடுவாள் என்று முன்கூட்டியே பேரம் பேசினார்கள். மணநாளுக்கு முன்பே ஒரு சிறுமியின் விதவைக்காலத்துக்கு விலை பேசும் மேசை அது. அதைவிட நல்ல காட்சி உங்களுக்கு வேறெங்கே கிடைக்கப்போகிறது? விவாகரத்தை மட்டும் தாராளமாக வழங்குகிறீர்கள். 1857 வரை அதற்கு நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டும். அப்படி விடுதலை பெற்ற மனைவியர் மொத்தம் நான்கே பேர்.

சாராவின் கதையிலும் பிந்தைய பாதிதான் ருசி. மூத்த மகள் கரோலினை அரசியல்வாதி ஹென்றி ஃபாக்ஸ் பெண் கேட்டார். அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர், குலப்பெருமை போதாது என்று, அதற்குள் ரிச்மண்ட் கோமகனாகிவிட்ட சார்லஸ் மறுத்தார். (இத்தனைக்கும் இந்தக் கோமகனின் தாத்தா இரண்டாம் சார்லஸ் மன்னர், பாட்டி அவருடைய ஆசைநாயகி.) பெற்றோர் பார்த்த வேறொரு வரன் முன்னால் நிற்காமல் தப்பிக்கக் கரோலின் தன் புருவத்தையே மழித்துக்கொண்டாள் என்று சொல்வார்கள். 1744இல் ரகசியமாக ஃபாக்ஸை மணந்தாள். பெற்றோர் நான்கு ஆண்டுகள் அவள் முகத்தில் விழிக்கவில்லை.

1753இல் ஹார்ட்விக்கின் திருமணச் சட்டம் வந்தது. 21 வயது நிரம்பாதவர்கள் லைசென்ஸ் பெற்று மணக்கத் தந்தையின் சம்மதம் கட்டாயம் என்றது. காதலர்கள் வண்டி பூட்டி, அந்தச் சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தின் எல்லையிலுள்ள கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள். உங்களுக்குப் பழக்கமான பாதைதான். மக்களவையில் அந்த மசோதாவைக் கடுமையாக எதிர்த்தவர் யார் தெரியுமா? மாமனார் வீட்டு வாசலில் நான்கு ஆண்டு காத்துக்கிடந்த ஹென்றி ஃபாக்ஸ்.

கரோலினுக்குக் கதவைச் சாத்திய அன்று சாராவுக்கு அந்த நாடக அரங்கு நினைவுக்கு வந்திருக்குமா, ஹேக் நகரத்துக் கல்யாணமா? உங்களில் யாராவது எழுதுங்கள். முன்பணம் கட்டிக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி