தொப்பூரில் அணைத்த எஞ்சின்

காம்லூப்ஸ்,
17 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மருமகள், பாப்பா மூவரும் நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலம்தானே? வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், இவன் எதுக்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். லாரிப் பேச்சை எடுத்தாலே அம்மா போனை வாங்கி, "சாப்பிட்டியா, குளிருக்குக் காதை மூடிக்கிட்டியா" என்று ஆரம்பித்துவிடுகிறார். நீங்களும் "சரி சரி, பார்த்து ஓட்டு" என்று முடித்துவிடுகிறீர்கள். இது கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய சங்கதி. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளாஸ் 1 லைசென்ஸ் வந்துவிட்டது. டிராக்டர் தனி, டிரெய்லர் தனி என்று கோத்து ஓட்டுகிற பெரிய வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். நாமக்கல் லாரிக்காரர் மகன், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் ஓட்டிவிடுவான் என்று நானும் நினைத்துத்தான் போனேன். கனடாவில் நாங்கள் இருக்கிற இந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2021 அக்டோபரிலிருந்து ஏர் பிரேக் பாடமும் சேர்த்துக் குறைந்தது 140 மணி நேரம் பயிற்சி எடுத்தால்தான் டெஸ்ட்டுக்கே போக முடியும். 2018 ஏப்ரலில் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு லாரி நிறுத்தப் பலகையைத் தாண்டிக் குறுக்கே வந்து, அதில் ஹாக்கி ஆடுகிற பையன்கள் போன பஸ் மோதி 16 பேர் செத்துப்போனார்கள். ஓட்டியவர் நம் நாட்டுக்காரர், வேலைக்குச் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கப்புறம்தான் பல மாகாணங்களில் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பயிற்சிக்கு ஆன செலவை மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் ஆறு வருஷம் கிளீனராக வண்டி கழுவிக் கற்றதை நான் காசு கொடுத்துக் கற்றேன், அவ்வளவுதான்.

சொல்லிக் கொடுத்தவர் ஜலந்தர் பக்கத்து சர்தார்ஜி. உங்கள் வயது இருக்கும். நான் நாமக்கல் என்றதும், "அட, லாரி பாடி கட்டுகிற ஊர்" என்றார். நீங்கள் டெல்லி லைனில் பேசிக் கற்றுக்கொண்டு வீட்டில் எங்களை அதட்டுவீர்களே, அந்த அரைகுறை இந்தி எனக்கு இங்கேதான் சோறு போட்டது.

முதல் மூன்று வாரம் மனிதர் வண்டியை நகர்த்தவே விடவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது ஏர் டேங்க், தண்ணீர் வடித்துவிட்டேன். இது ஸ்லாக் அட்ஜஸ்டர், பிரேக் இடைவெளியைச் சரிசெய்கிற கை, ஆட்டிப் பார்த்தேன். ராத்திரி பாத்ரூமில் இதையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன். உங்கள் மருமகள் கதவைத் தட்டி, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள். மீட்டரில் காற்று 120 பவுண்டு ஏறினால் கம்ப்ரசர் நிற்க வேண்டும், நம் வண்டிக் கணக்கில் எட்டு கிலோவுக்கு மேலே கொஞ்சம். பெடலை மிதித்து மிதித்துக் காற்றை இறக்கினால் 60 வரும்போது அலாரம் கத்த வேண்டும். இன்னும் மிதித்தால் 45க்கும் 20க்கும் நடுவில் ஸ்பிரிங் பிரேக் பட்டென்று தானே பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் டெஸ்ட்டில் அலாரத்தைக் காட்டினேன், வாயால் சொல்ல மறந்தேன். ஃபெயில். உங்களிடம் இதுவரை சொல்லவில்லை.

இனி மலைக்கு வருகிறேன்.

நாங்கள் இருக்கிற காம்லூப்ஸிலிருந்து வான்கூவர் பக்கம் போகிற ரோட்டுக்குக் கோக்விஹல்லா என்று பெயர். 1986இல் திறந்தது. உச்சி 1,244 மீட்டர், நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் தாழ்வு. ஆனால் ஏற்காட்டுக்கு யாரும் 63 டன்னோடு போவதில்லையே. இங்கே எட்டு ஆக்சில், 30 டயர், இரண்டு டிரெய்லர் கோத்த வண்டிக்கு 63,500 கிலோ வரைக்கும் அனுமதி. உச்சியிலிருந்து ஹோப் என்கிற ஊர் வரை ஐம்பது கிலோமீட்டர்போல வரும். அதற்குள் கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்கு இறங்கிவிடுகிறோம். அதிலும் முதல் சில கிலோமீட்டர் எட்டு சதவீத இறக்கம், அதாவது நூறு மீட்டர் ஓடினால் எட்டு மீட்டர் கீழே. கொண்டை ஊசி ஒன்றும் கிடையாது. அகலமான, வழவழப்பான ரோடு. அதனாலேயே வேகம் ஏறுவது தெரியாது. நடுவில் பனிச்சரிவு தலைக்கு மேலே வழிந்து போவதற்காக ரோட்டுக்கே கான்கிரீட் கூரை போட்டிருக்கிறார்கள்.

இறக்கம் தொடங்கும் முன்னால் ஸாப்கியோஸ் என்ற இடத்தில் எல்லா லாரியும் ஒதுங்கி நிற்க வேண்டும். இறங்கிப் பிரேக்கைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும், அது சட்டம். முதல் தடவை அங்கே நிறுத்தியபோது எனக்குத் தொப்பூர் ஆஞ்சநேயர் கோயில்தான் ஞாபகம் வந்தது. நீங்களும் அங்கே நிறுத்திச் சூடம் காட்டிவிட்டு, லிவரால் டயரை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே ஒரு சுற்று வருவீர்கள். சாமிக்கு நின்றீர்களா டயருக்கு நின்றீர்களா என்று அப்போது எனக்குத் தெரியாது. இங்கே சூடம் மட்டும்தான் இல்லை.

அந்த இறக்கத்தில் முதல் தடவை நான் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நாற்பதில் போ என்றார் சர்தார்ஜி. சரி என்று நாற்பதைத் தாண்டவிடாமல் பெடல்மேல் காலை லேசாக வைத்து அழுத்திக்கொண்டே வந்தேன். பூப்போல இறக்குகிறேன் என்று மனதுக்குள் பெருமை வேறு. அவர் ஒன்றும் பேசவில்லை. ஜன்னலை மட்டும் இறக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கருகின வாடை வந்தது, சோளக்கதிர் தீய்ந்த மாதிரி. அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தச் சொன்னார்.

இறங்கி டிரெய்லர் சக்கரத்துப் பக்கம் போனோம். உள்ளங்கையைப் பிரேக் டிரம்மிலிருந்து ஒரு சாண் தள்ளிக் காட்டச் சொன்னார். அடுப்பு. தொட்டிருந்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்துக்கொண்டே வந்தால், பின் ஆக்சிலில் வலது பக்கச் சக்கரம் மட்டும் ஜில்லென்று இருந்தது. அப்பாடா, இது ஒன்றாவது நன்றாக இருக்கிறதே என்றேன். மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சூடாக இருப்பது வேலை செய்கிறது. இதுதான் செய்யவில்லை. இதன் பங்கையும் சேர்த்து மற்றதெல்லாம் சுமந்திருக்கிறது." சாக்பீஸால், காற்று தள்ளிப் பிரேக்கைப் பிடிக்க வைக்கிற புஷ் ராடில் கோடு போட்டார். என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, டேப்பை வைத்து அளந்தார். இரண்டு அங்குலத்துக்கு மேலே போகக் கூடாது, அது இரண்டேகால் தாண்டி நின்றது. தானே அட்ஜஸ்ட் ஆகிக்கொள்ளும் என்கிற ஆட்டோமேட்டிக் ஸ்லாக்தான் அது. பயிற்சி வண்டிக்கே இந்தக் கதி. காலையில் நான்தான் ஆட்டிப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று சத்தமாகச் சொன்னேன்.

டிரம் சூடாக சூடாக விரியும், அப்பா. விரிந்தால், உள்ளே உரசிப் பிடிக்கிற லைனர் இன்னும் தூரம் போய்த்தான் அதைத் தொட வேண்டும். லைனரும் சூட்டில் பிடிமானத்தை இழந்துவிடும். காற்று முழுசாக இருக்கும், பெடலும் கல்லு மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. காலை லேசாக வைத்துக்கொண்டே வந்தால் ஆறுவதற்கு நேரமே இல்லை. அதனால் இவர்கள் சொல்கிற முறை வேறு. நாற்பது ஏறட்டும் என்று விட வேண்டும். ஏறினதும் தைரியமாக மூன்று விநாடி மிதித்து முப்பதுக்குக் கொண்டுவந்து, காலை முழுசாக எடுத்துவிட வேண்டும். திரும்ப நாற்பது ஏறும் வரைக்கும் டிரம்முக்கு ஓய்வு. வண்டியைப் பிடித்து வைக்கிற வேலை கியருடையது, பிரேக் சும்மா உதவிக்கு.

"எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு" என்று நீங்கள் தம்பிக்குச் சொல்வீர்களே, சர்தார்ஜியும் அதையே சொன்னார். ஆனால் அது பழைய எஞ்சினுக்கு என்றார். இப்போதைய எஞ்சினில் சக்தி அதிகம், மேல் கியரிலேயே ஏறிவிடும், அதே கியரில் இறங்கினால் பிடிக்காது, இன்னும் ஒன்றிரண்டு கீழே போட்டுக்கொள் என்கிறார். அதுவும் மேலேயே போட்டுவிட வேண்டும். இறக்கத்தின் நடுவில் மாற்றப் போய்க் கியர் விழவில்லை என்றால் நியூட்ரலில் தொங்க வேண்டியதுதான். டபுள் கிளட்ச் அடித்துப் பழகிய உங்களுக்கு அந்தக் கடகட சத்தம் தெரியும்.

இன்னொன்று ஜேக் பிரேக். உங்களுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் தெரியும், புகைக் குழாயை அடைப்பது. இது வேறு. பிஸ்டன் காற்றை அமுக்கி மேலே வரும்போது எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து அந்தக் காற்றை வெளியே விட்டுவிடும். அமுங்கின காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளாது. எஞ்சினே ஒரு பெரிய கம்ப்ரசர் ஆகி வண்டியை இழுத்துப் பிடிக்கும். இதைக் கண்டுபிடித்தவர் கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியை ஆரம்பித்த கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1931இல் கலிபோர்னியாவில் கேஜான் கணவாயில் டீசல் லாரியில் இறங்கும்போது பிரேக் போய், கீழே ரயில்வே கேட்டில் ரயிலில் மோத வேண்டியவர், நூலிழையில் தப்பினாராம். அந்தப் பயத்தை முப்பது வருஷம் மனதில் வைத்திருந்து செய்த பிரேக் 1961இல்தான் விற்பனைக்கு வந்தது. சத்தம் தடதடவென்று மலையே அதிரும். சில ஊருக்குள் அதைப் போடக் கூடாது என்று போர்டே வைத்திருக்கிறார்கள். ஐஸ் ரோட்டிலும் போடக் கூடாது, டிரைவ் சக்கரம் வழுக்கி டிரெய்லர் மடங்கிக்கொள்ளும்.

அந்தச் சத்தத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு அந்த அமைதி ஞாபகம் வந்தது. லீவில் என்னைக் கூட்டிப் போவீர்களே. தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு எஞ்சினையும் அணைத்துவிடுவீர்கள். திடீரென்று சத்தமே இருக்காது. தார்ப்பாய்க் கயிறு காற்றில் படபடக்கிறது மட்டும் கேட்கும். வானத்தில் போகிற மாதிரி இருக்கும் எனக்கு. "டீசல் மிச்சம்டா" என்பீர்கள். மிச்சம் பிடித்த லிட்டருக்கு ஓனர் தனியாகக் காசு கொடுப்பார் என்றும், அதில்தான் என் ஸ்கூல் பீஸ் கட்டினீர்கள் என்றும் அம்மா சொல்லித்தான் தெரியும்.

எஞ்சின் அணைந்தால் கம்ப்ரசரும் நின்றுவிடும் அல்லவா? டேங்க்கில் இருக்கிற காற்றுதான் சொத்து, ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் செலவு. பிடித்து வைக்கக் கியரும் கிடையாது. 1998இல் நாசிக் வெங்காய லோடோடு அதே இறக்கத்தில் வண்டி பிடிக்காமல் இடது பக்கம் மண்மேட்டில் உரசி நிறுத்தினீர்கள். கிளீனர் அண்ணனுக்குக் கை ஒடிந்தது. பிரேக் ஃபெயிலியர் என்று எழுதினார்கள். நம் வீட்டில் ஒரு மாதம் நசுங்கின வெங்காயம்தான் குழம்பு. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, அப்பா. அந்தச் சம்பளத்தில் யாராக இருந்தாலும் அணைத்திருப்பார்கள். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: அன்றைக்கு முதலில் போனது காற்றா, சூட்டில் டிரம்மா? பெடல் தொளதொளவென்று போனதா, கல்லாக நின்றதா? சர்தார்ஜியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவரும் இதையேதான் கேட்டார்.

இப்போது தம்பி பெங்களூர் லைன் ஓட்டுகிறான். அவனும் நியூட்ரல் போடுகிறான், அவனே போனில் சொன்னான். இந்தக் கால எலக்ட்ரானிக் எஞ்சினில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் போவது நின்றுவிடும், நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும் என்று எவ்வளவோ சொன்னேன். "கனடா போய்ட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்காதண்ணா, அங்க நியூட்ரல் போட்டா போலீஸ் பிடிப்பான், இங்க ஓனர் மைலேஜ் கேப்பான்" என்கிறான். நான் சொன்னால் கேட்க மாட்டான். வெங்காய லோடு கதையை நீங்களே ஒரு தடவை அவனுக்குச் சொல்லுங்கள். முழுசாக.

போன வாரம் ஓடுகிற வண்டியிலிருந்தே வீடியோ காலில் கேபினைக் காட்டினான், புதுசாக மாட்டின சாமி படத்தைக் காட்ட. படத்துக்குக் கீழே ஏர் மீட்டர் இரண்டு. ஒன்றில் முள் பூஜ்யத்திலேயே நின்றுகொண்டிருந்தது. மீட்டர் கெட்டுப்போனதா, காற்றே இல்லையா தெரியவில்லை. கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அடுத்த நடை கிளம்புவதற்கு முன்னால் நீங்களே ஏறி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பணம் செவ்வாய்க்கிழமை ஏறிவிடும். பாப்பா தாத்தாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் மூத்த மகன்