புளோ-ஓஃப் வால்வு பற்றிப் பரவும் கதையும் எங்கள் பதிலும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. பஞ்சிகாவத்தையில் நம் கடையில் வாங்கிய புளோ-ஓஃப் வால்வால் (டர்போ எஞ்சினில் அமுங்கிய காற்றைத் திறந்துவிடும் சாமான்) ஒரு சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் கார் சிக்னலுக்குச் சிக்னல் நின்றுபோகிறது, கேட்கப் போனால் கடைக்காரர் கைவிரிக்கிறார், டூப்ளிகேட் விற்கிறார்கள் என்று அதில் ஒருவர் சொல்கிறார். உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "அண்ணே, இது உங்கட கடையா?" என்று கேட்டீர்கள். ஆம், நம் கடைதான். ஆனால் அதில் பாதிக் கதைதான் இருக்கிறது. மீதியைச் சொல்லாமல் இருந்தால் பேச்சு இன்னும் வளரும் என்பதால் இந்த மடல்.

நாங்கள் கொடுத்தது காற்றை இன்டேக் குழாய்க்கே (எஞ்சினுக்குக் காற்று வரும் குழாய்க்கே) திருப்பி அனுப்பும் வகை வால்வு. அந்தக் காருக்குக் கம்பெனியிலிருந்து வந்ததும் அதே வகைதான். பூட்டி, ஓட்டிப் பார்த்து, சரி என்று கார்க்காரரும் சொன்ன பிறகே கார் கடையை விட்டுப் போனது. திரும்பி வந்தபோது பொனட்டைத் திறந்தால், காற்றைத் திருப்பிக் கொண்டுபோகும் ஓஸைக் காணோம். இன்டேக் குழாயில் இருந்த துளைக்கு ரப்பர் மூடி போட்டு, அதற்கு மேல் புத்தம் புதுக் கிளிப் இறுக்கியிருந்தது. வால்வின் வாய் வெளியே பார்த்தபடி இருந்தது. சத்தம் வேண்டும் என்பதற்காக வேறு எங்கேயோ செய்த வேலை அது. அவர் கண் முன்னாலேயே ஓஸை மறுபடி பூட்டினோம். எஞ்சின் நிற்காமல் ஐட்லில் (காலை எடுத்து, கார் நின்றபடி இருக்கும்போது) ஓடியது. வால்வைக் கழற்றிக் கைப் பம்பில் வைத்துச் சோதித்தும் காட்டினோம், ஒரு பழுதும் இல்லை. பொருளில் பழுது இருந்திருந்தால் அன்றைக்கே மாற்றிக் கொடுத்திருப்போம். இத்தனை காலம் எங்களிடம் வருபவர்களுக்கு அது தெரியும். "டூப்ளிகேட் விற்கிறார்கள்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் எங்களை உண்மையாகவே நோகடித்தது.

அந்தக் கார் ஏன் நின்றது என்பதை விளக்கினால் பலருக்கும் உதவும். டர்போவின் கம்ப்ரஸர் விசிறி (எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அமுக்கும் விசிறி) நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் கியர் மாற்றக் காலை எடுத்தால் த்ரொட்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் கதவு) பட்டென்று மூடிக்கொள்ளும். வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைச் சட்டென்று பூட்டினால் சுவருக்குள் 'டொக்' என்று இடிக்குமே, அதுபோல அமுங்கிய காற்று வந்த வழியே திரும்பி விசிறியில் மோதும். 'ஸ்டு-டு-டு' என்று சிலர் ஆசைப்பட்டுக் கேட்கும் சத்தம் இதுதான். விசிறியின் வேகம் குறையும், அடுத்த கியரில் அழுத்தம் ஏறச் சுணங்கும், நாள்பட பெயரிங்குக்கும் நல்லதல்ல. அந்தக் காற்றுக்கு ஒரு வழி திறந்துவிடுவதுதான் வால்வின் வேலை. மனிபோல்டிலிருந்து (த்ரொட்டிலுக்குப் பிறகு எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயிலிருந்து) ஒரு மெல்லிய வேக்கூம் ஓஸ் அதன் தலைக்குப் போகும். த்ரொட்டில் மூடியதும் அங்கே உண்டாகும் வெற்றிடம் ஸ்பிரிங்கை இழுத்து வாயைத் திறக்கும். (வேஸ்ட்கேட் வேறு சாமான். அது புகைப் பக்கத்தில் இருந்து டர்போவின் அழுத்தத்துக்கு எல்லை வைப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கேட்பவர்கள் நிறையப் பேர்.)

வெளியே வந்த காற்று எங்கே போகிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. ஏர் ஃபில்டருக்குப் பிறகு, டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயிலேயே காற்றைத் திருப்பி விடுவது ஒன்று. இதை பைபாஸ் என்பார்கள், டைவேர்ட்டர் என்பார்கள். நேரே வெளியே விட்டு 'ப்ஷ்ஷ்' என்று சத்தம் போடுவது இன்னொன்று. இரண்டு வாயும் வைத்துப் பாதியை உள்ளேயும் பாதியை வெளியேயும் விடும் கலப்பு வகையும் இருக்கிறது.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், 4ஜி63 எஞ்சின் போட்ட மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், எஸ்ஆர்20டிஇடி போட்ட நிசான் சில்வியா போன்றவற்றில் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் காற்றை அளக்கும் சென்சர் உண்டு. கம்ப்யூட்டர் அங்கே அளந்த காற்றுக்குத்தான் பெற்றோலைக் கணக்குப் பண்ணும். சாதாரண ஓட்டத்தில் 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெற்றோல். அளந்து முடிந்த காற்றை நீங்கள் வழியில் வெளியே விட்டுவிட்டால், இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெற்றோல் ஊற்றப்படும். கறுப்புப் புகை, சைலன்சரில் வெடிச் சத்தம், காலை எடுத்துப் பிரேக் போட்டதும் எஞ்சின் நிற்பது எல்லாம் இதனால்தான். கூடுதல் பெற்றோல் நாளடைவில் கட்டலிற்றிக் கன்வேர்ட்டரையும் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகத்தையும்) கெடுக்கும். அந்த டபிள்யூஆர்எக்ஸுக்கு நடந்தது இவ்வளவுதான்.

4இ-எஃப்டிஇ எஞ்சின் போட்ட டொயோட்டா ஸ்டார்லட் டர்போ அப்படியல்ல. அதில் மனிபோல்டில் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்தே கணக்குப் போடுகிறார்கள். நடுவழியில் காற்று வெளியே போனாலும் கணக்குப் பிசகாது. இப்படியான கார்களுக்கு வெளியே விடும் வால்வு வேண்டுமென்றால் நாங்கள் தாராளமாகப் பூட்டித் தருகிறோம். ஆக, முதலில் கேட்க வேண்டியது எந்த பிராண்ட் என்று அல்ல, காரில் என்ன சென்சர் என்று.

ஸ்பிரிங்கையும் கவனியுங்கள். கடினமானது போட்டால் வால்வு நேரத்துக்குத் திறக்காது, அதே 'டு-டு-டு' வரும். மென்மையானது போட்டால் ஐட்லில் வாய் முழுதாக மூடாமல் இருக்கலாம். வெளியே விடும் வால்வில் அது நேரே காற்றுக் கசிவு.

பழைய வொக்ஸ்வேகன், அவுடி 1.8 டர்போக்களில் வரும் பொஷ் வால்வுக்குள் ரப்பர் டயாபிரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) இருக்கிறது. அது நாள்பட வெடிக்கும், வெடித்தால் கார் இழுக்காது. இதைச் சோதிக்க எங்களிடம் வர வேண்டியதில்லை. கழற்றிய வால்வின் உள் மூடியை விரலால் உள்ளே அமுக்குங்கள். மேலே உள்ள சிறிய ஓஸ் முனையை இன்னொரு விரலால் அடைத்துக்கொண்டு, அமுக்கிய விரலை எடுங்கள். மூடி உள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றால் டயாபிரம் நல்லது. மெதுவாக வெளியே வந்தால் எங்கோ வெடிப்பு. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வால்வுகளை வாங்கும்போதும், டயாபிரம் வகையாக இருந்தால் இதையே செய்து பாருங்கள். புதிய 2.0 டர்போ அவுடிகளில் வால்வு மின்சாரத்தில் இயங்குவது, டர்போவின் உடலிலேயே பூட்டியிருப்பது. அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.

அப்புறம், டீசலில் ஓடும் கேடிஎச் வான், ஹைலக்ஸ் வைத்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. டீசல் எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஊற்றும் டீசலின் அளவு. பெற்றோல் எஞ்சின் போலக் காலை எடுக்கும்போதெல்லாம் காற்றை அடைக்கும் வேலை அங்கே இல்லை. அதனால் அமுங்கிய காற்று திரும்பி மோதும் பிரச்சினையும் பெரிதாக இல்லை. டீசலுக்கென்று விற்கும் வால்வுகள் மின்சார சுவிட்ச் வைத்துச் சத்தத்துக்காக மட்டும் காற்றைத் திறந்துவிடுபவை. விற்றால் எங்களுக்கு லாபம்தான். ஆனாலும் வைத்திருக்கவில்லை, இனியும் வைத்திருக்கப் போவதில்லை.

விலை பற்றியும் கேட்கிறீர்கள். 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது, சில வாரங்களிலேயே 350-ஐத் தாண்டியது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். விலை ஏறியது இவற்றால்தான். எச்கேஎஸ், கிரெட்டி, டர்போஸ்மார்ட் போன்ற பிராண்ட் பெயர்களைக் குத்திய போலிகள் அசலின் சிறு பங்கு விலைக்கு வருகின்றன. கையில் எடுத்தால் கனம் குறைவு, வாயின் ஓரம் சீராக இராது, சிலவற்றில் ஓ-ரிங்கே (கசிவை அடைக்கும் ரப்பர் வளையமே) இல்லை. அவற்றோடு விலையில் போட்டி போட எங்களால் முடியாது, முயலவும் மாட்டோம்.

இந்த நேரத்தில் எங்கள் பெரிய மெக்கானிக் பாஸும் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். அவர் கை வேலையை நம்பி வந்தவர்கள் நீங்கள். அவரிடம் பழகிய பையன்தான் இப்போது பூட்டுகிறான், நிதானமாகச் செய்கிறான், ஒவ்வொரு வேலையையும் நானே பார்த்த பிறகுதான் கார் வெளியே போகும். அதனால் ஒரு நாளைக்கு எடுக்கும் வாகனங்கள் குறையும், பூட்டும் கூலியும் அடுத்த மாதம் முதல் 6,500 ரூபா.

பெற்றோல் வரிசையில் நாள்கணக்காக நின்ற 2022-இலும் கடையை மறக்காமல் வந்த வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளை உறவுகளுக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியே இரவோடிரவாக வந்து காலையில் கடை திறக்கும்வரை காத்திருந்தவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. குரல் பதிவு பரவிய அன்றே, "நாங்கள் நம்பவில்லை" என்று எழுதிய அத்தனை பேரின் செய்தியையும் வாசித்தேன். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்த டபிள்யூஆர்எக்ஸ் தம்பி இதை வாசித்தால், காரைக் கொண்டு வாருங்கள். ஓஸை மறுபடி கழற்றியிருந்தால், திரும்பும் ஓஸையும் கிளிப்பையும் கூலி இல்லாமல் பூட்டித் தருகிறோம். மற்றவர்கள் வருமுன் வாட்ஸ்அப்பில் சாசி எண்ணையும், பொனட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போ வரையான குழாயின் படத்தையும் அனுப்பிவிடுங்கள். எந்த வால்வு பொருந்தும் என்று பார்த்து, நாளும் நேரமும் சொல்கிறோம். ஞாயிறும் போயா (பௌர்ணமி) நாளும் கடை பூட்டு.

அன்புடன்,
கடை உரிமையாளர்
பஞ்சிகாவத்தை, கொழும்பு